தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

கிராமக் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளையோ, ஆரம்பப் பள்ளிகளின் வருகைப் பட்டிகளையோ பொறுமையோடு புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு, முருகனும் மீனாட்சியும் இராமசாமியும் நிறைந்த அந்த வரிசைகளின் நடுவே பிச்சை, பிச்சையம்மாள், குப்புசாமி, குப்பாயி, மூக்கன், மூக்காயி, மண்ணாங்கட்டி என்பன போன்ற பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படும். பட்டணத்திலே வளர்ந்த பேரப்பிள்ளைகள் இவற்றைக் கேட்டுச் சிரிப்பதும், இப்பெயர்களைச் சுமந்தவர்களே அரசாங்க கெஜட்டில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்வதும் நாம் அறிந்தவையே. சரித்திரத்தில் ருசியுள்ளவர்களோ, இப்படி ஒரு பெயரைக் கண்டால் சிறிது நின்று யோசிப்பது நலம். ஏனெனில் அந்தப் பெயருக்குரியவர் பிறப்பதற்கு முன்னே அவருடைய தாய் ஒரு கருவையோ ஒரு குழந்தையையோ, பல சமயங்களில் இரண்டு மூன்றையோ இழந்திருக்கிறாள் என்பதற்கு, வேறெந்தக் காகிதத்திலும் ஏறாத சாட்சியாக அது இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்றுதான் சொல்லலாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிற வழக்கத்தால், யாதொரு நஷ்டமும் நேராத வீட்டிலும் ஒரு பிச்சை பிறந்து வளர்ந்திருப்பான்.

வழக்கம் ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டாலும் அதன் சாரம் ஒன்றே. கர்ப்பம் தரித்துத் தரித்துக் கலைந்த பெண்ணுக்கோ, பெற்ற பிள்ளைகள் தொட்டிலைத் தாண்டாமல் போன பெண்ணுக்கோ மறுபடியும் ஒரு சிசு உயிரோடு பிறந்தால், பிரசவம் பார்த்த மருத்துவச்சி அதைக் குளிப்பாட்டி, முறத்திலே கிடத்தி, வாசலுக்கு அப்பால் உள்ள குப்பைமேட்டிலே கொண்டுபோய் ஒரு கணம் வைப்பாள். தற்செயலாக அவ்வழியே வந்தவள் போல அண்டை வீட்டுக்காரி ஒருத்தி அங்கே வருவாள். அவள் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கைதேர்ந்தவளாக இருக்கவேண்டும் என்பது நியதி. கேட்பாரற்றுக் கிடக்கும் பிள்ளையைக் கண்டெடுத்த பாவனையில் அவள் அதைத் தூக்கிக்கொண்டு, பெற்றவளிடமே வந்து, வளர்த்துத் தருமாறு கேட்டு ஒப்படைப்பாள். வேறு சில வீடுகளில் முறை இன்னும் வியாபாரமாகவே நடக்கும்: மாட்டுக்கு வைக்கும் தவிட்டில் ஒரு படியை அளந்து பெற்றவளிடம் கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கி, பிறகு பால் கொடுத்து வளர்ப்பதற்கென்று அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள். இந்த விற்பனை முடிந்தபின் பிள்ளைக்குப் பிச்சை என்றோ குப்பு என்றோ பெயர் விழும். ஆண் குழந்தையானால் மூக்கில் ஒரு துளை குத்தி, யமன் கண்ணுக்கு மூளியான பொருளாகத் தோன்றும்படி செய்து, மூக்கன் என்று அழைப்பதும் உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் பிச்சை என்ற பெயர் வழங்கி வந்திருப்பதால், இதனை ஒரு மதத்தின் சடங்காகக் கருதாமல், இந்த மண்ணிலே வாழ்ந்த தாய்மாரின் பொது உபாயமாகவே கருதவேண்டும். இன்றைக்கும் குறும்பு செய்கிற குழந்தையை நோக்கி, ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று பாட்டிமார் கேலி செய்கிறார்களே, அந்தக் கேலி ஒரு காலத்தில் நிஜமாகவே நடந்த கிரய விக்கிரயத்தின் எச்சம்.

இவ்வழக்கத்தைப் பற்றி எழுதியவர்களெல்லாம், கண்ணேறு கழிப்பதற்கும் யமனை ஏய்ப்பதற்கும் பாமரர் கண்டுபிடித்த தந்திரம் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். தந்திரம் என்பது உண்மையே. ஆயினும் அந்தத் தந்திரத்தைச் செய்வதற்கு இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்னமே இழந்தவளுக்கு, மறுபடி பிறந்த பிள்ளையின் ஒவ்வொரு தும்மலும் ஒவ்வொரு அழுகையும் பயங்கரமாகவே இருந்திருக்கும். பிள்ளை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே அவள் நாக்கு கூசியிருக்கும். அந்தப் பயத்திலே பாதியைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொள்கிறவளைப் போல அண்டை வீட்டுக்காரி வந்து நிற்கிறாள். தவிடு கொடுத்து வாங்கியவள் ஆதலால், பிள்ளைக்கு மாந்தம் கண்டால் நடுராத்திரியில் அவளைக் கூப்பிடலாம். நல்ல நாளிலும் பெரிய நாளிலும் அந்தப் பிள்ளைக்கு அவள் இன்னொரு தாய். இரத்த சம்பந்தமோ, சில சமயங்களில் ஜாதி சம்பந்தமோ கூட இல்லாத இரண்டு ஸ்திரீகளுக்குள், துக்கத்தை முன்னிட்டு ஏற்பட்ட இந்த உறவுக்கு நம்முடைய உறவுமுறைப் பட்டியல்களில் இடம் கிடைக்கவில்லை.

கருவை இழந்த பெண்ணுக்குத் துணை யார் என்ற கேள்வியை நம்முடைய பழைய நூல்களிடம் கேட்டால் கிடைக்கிற விடை விசித்திரமானது. புறநானூற்றின் 74-ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வழங்குவது. சோழன் செங்கணானோடு பொருது தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையிலே கிடந்த அவன், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் காலந் தாழ்த்துப் பெற்றபோது, அதனைப் பருகாமல் அப்பாட்டைச் சொல்லி உயிர் துறந்தான் என்பது குறிப்பு. தன் குலத்துப் பெருமையைச் சொல்ல வந்த அரசன், தங்கள் குடியிலே குழந்தை இறந்து பிறந்தாலும், உருப்பெறாத தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், ஆள் அன்று என்று அதனைப் புறக்கணியாமல் வாளால் கீறியே அடக்கம் செய்வார்கள் என்கிறான். பிறவாத உயிரையும் ஆள் என்று கணக்கிலே சேர்த்த சமூகம் ஒன்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே இங்கு இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. இந்த அளவில் நாம் பெருமைப்படலாம். ஆனால் பாட்டைத் திரும்ப வாசிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. அங்கே வாள் இருக்கிறது, வீரம் இருக்கிறது, அரசகுலத்து மானம் இருக்கிறது. அந்தப் பிண்டத்தைச் சுமந்து பெற்று அருகிலே கிடந்தவளைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

அவளைப் பற்றிய கதை அதே சோழநாட்டிலே, வெட்டாற்றங்கரையில் உள்ள திருக்கருகாவூரிலே கிடைக்கிறது. தஞ்சை ஜில்லா பாபநாசத்தை அடுத்த இந்தத் தலம் திருஞானசம்பந்தராலும் திருநாவுக்கரசராலும் பாடப் பெற்றது. சுவாமி முல்லைவனநாதர், அம்பிகை கர்ப்பரட்சாம்பிகை. தலபுராணம் சொல்லும் விருத்தாந்தம் இது. நித்துருவர் என்ற முனிவரின் பத்தினி வேதிகை கர்ப்பவதியாக இருந்தாள். கணவர் வெளியே போயிருந்த ஒரு நாள், வீட்டு வேலைகளால் களைத்துச் சோர்ந்து படுத்திருந்த சமயத்தில், ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வந்து பிக்ஷை கேட்டார். எழுந்து வரச் சக்தியில்லாத அவளை, தன்னை அவமதித்தாள் என்று எண்ணி அவர் சபித்தார், கர்ப்பம் நழுவியது. அவள் அம்பிகையைக் கூவி அழைக்க, அம்பிகை அந்தக் கருவை ஒரு கும்பத்திலே ஏந்திக் காத்து, மாதம் நிறைந்தபின் நைதுருவன் என்ற பிள்ளையாகத் தந்தாள் என்பது கதை. பிள்ளைக்குப் பால் சுரந்தது காமதேனு. அதன் குளம்பு பட்டு உண்டானது என்று கோயிலுக்கு முன்னே உள்ள பாற்குளத்தைக் காட்டுகிறார்கள்.

இக்கதையை எழுதியவர் எவராயினும், ஒரு விஷயத்தை நன்றாக அறிந்தவர். கர்ப்பிணி தனியே இருக்கிறாள். மாமியில்லை, தாயில்லை, அண்டை அயல் இல்லை. வாசலிலே வந்து நிற்கிற பெரிய மனிதருக்கு அவளுடைய களைப்பு அபசாரமாகத் தோன்றுகிறது. கரு கலைந்ததற்குக் காரணம் அவள் செய்த குற்றமே என்று தீர்ப்புச் சொல்லும் முனிவர்கள் இன்றும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறினாய், பப்பாளி தின்றாய், கிரகணத்தன்று வெளியே வந்தாய் என்று அவர்கள் சபித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கதையிலே அவளுக்குத் துணையாக வருவது இன்னொரு பெண், அதாவது அம்பிகை.

கோயிலிலே நடக்கும் உபாசனையும் கவனிக்கத்தக்கது. பிள்ளையில்லாதவர்களும், கரு தங்காமல் போனவர்களும் அம்பாள் சந்நிதியின் வாசற்படியை நெய்யால் மெழுகிக் கோலமிட வேண்டும். பூஜித்த நெய்யைக் கொண்டுபோய் 48 நாள் தம்பதிகள் சிறிது சிறிதாக உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய் மந்திரித்துக் கொடுக்கிறார்கள். வலி காணும்போது வயிற்றிலே தடவிக்கொள்வதற்கு அது. நெய்க்கு வந்தவளும் எண்ணெய்க்கு வந்தவளும் ஒரே மண்டபத்திலே உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மாதத்திலே போயிற்று என்று ஒருத்தி சொல்ல, எனக்கும் அப்படித்தான், இது மூன்றாவது, இப்போது எட்டாம் மாதம் என்று மற்றவள் சொல்வதற்கு வேறு எந்தப் பொது இடத்திலும் சௌகரியம் கிடையாது. நெய்யிலே எவ்வளவு மகிமை, அந்தச் சம்பாஷணையிலே எவ்வளவு மகிமை என்று பிரித்து அளக்க நான் துணியவில்லை. மகிமை இரண்டிலும் உண்டு என்று கொள்வதில் பக்தர்களுக்கும் ஆட்சேபம் இருக்காது. வேளாங்கண்ணி மாதா கோயிலிலே தொட்டில் கட்டுகிறவர்களும், நாகூர் ஆண்டகை தர்காவிலே வேண்டிக்கொள்கிறவர்களும் எல்லா மதத்தினருமாக இருப்பதற்கு, வரம் வேண்டுவதோடு இவ்விதமான துணை வேண்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். திருச்சிராப்பள்ளி மலையிலே காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத செட்டிப் பெண் இரத்தினாவதிக்குச் சிவபெருமானே தாயுருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்று கொண்டாடுகிறோம். ஆணாக இருந்து பயனில்லை என்று கண்டு, உதவி செய்வதற்காகப் பெண்ணாகவே வந்த கடவுள் அவர்.

இனி, கோயிலும் குருக்களும் இல்லாமல் ஸ்திரீகளே நடத்திவந்த ஒரு நோன்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தச் சரித்திரத்திலே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுவே. ஔவையார் நோன்பு என்றும் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் வழங்கும் இது, தை, மாசி, ஆடி மாதங்களில் செவ்வாய்க்கிழமை இரவிலே, ஆண்மக்கள் உறங்கியபின் தொடங்குவது. ‘தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி’ என்று ஒரு வசனமே உண்டு. எந்த மாதத்திலாவது ஒருமுறை செய்துவிட வேண்டும் என்பது கருத்து. தெருவிலுள்ள பெண்கள் மூத்த சுமங்கலி ஒருத்தியின் வீட்டிலே கூடுவார்கள். அந்த வீட்டு ஆண்கள் அன்றைக்கு வேறெங்கேயோ போய்ப் படுக்க வேண்டியதுதான். இடுப்பிலே இருக்கும் ஆண் குழந்தைக்குக் கூட அங்கே இடமில்லை. பச்சரிசியை இடித்து, உப்பிடாமல் மாவு பிசைந்து, சாதாரணமாகச் செய்யும் உருவத்தில் இல்லாமல் விதவிதமான விசித்திர வடிவங்களிலே கொழுக்கட்டை பிடித்து வேகவைப்பார்கள். விளக்கேற்றிப் படைத்தபின், மூத்தவள் ஔவையின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். பிறகு கொழுக்கட்டையை அங்கேயே உண்டு தீர்த்து, மிச்சத்தையும் பூஜாதிரவியங்களையும் விடிவதற்குள் நீரிலே கரைத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல வீடு திரும்புவார்கள். அந்தக் கதையை ஆண்கள் கேட்கக்கூடாது, கொழுக்கட்டையைப் பார்க்கவும் கூடாது. நானும் ஆண்மகன் ஆகையால், கதை இன்னது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அச்சிட்ட புத்தகங்களிலே யாரோ சில ஆண்கள் அதைத் திருட்டுத்தனமாகச் சேர்த்திருந்தாலும், அதிலிருந்து எடுத்து இங்கே எழுதுவது மரியாதையன்று.

கன்னியர் நல்ல கணவனையும், மணமானவர்கள் பிள்ளைப் பேற்றையும், குடும்பத்தின் க்ஷேமத்தையும் வேண்டிச் செய்வது இந்நோன்பு. கருவிழந்தவர்களுக்கென்றே ஏற்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவிலே கூடியவர்களில் அவர்கள் இல்லாத வருஷம் ஒன்று இருந்திருக்குமா? ஒரு தெருவிலே இருபது பெண்கள் கூடினால், அக்காலத்திலே அவர்களில் சரிபாதிக்குமேல் ஒரு சிசுவையாவது இழந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். பகலிலே மாமியாருக்கு முன்னே அழக்கூடாது, கணவனிடம் சொல்லக்கூடாது, இழவு என்று கொண்டாடுவதற்கு முகந்தெரிந்த பிள்ளையும் இல்லை, ஒப்பாரிக்கும் இடமில்லை. நம்முடைய ஒப்பாரி மரபு எத்தனையோ விதமான சாவுகளுக்குப் பாட்டு வைத்திருந்தும், நாலாம் மாதத்திலே கலைந்த கருவுக்காகத் தெருப்பெண்கள் கூடி மாரடித்த வழக்கம் இல்லை. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறையோ மூன்றுமுறையோ ஆண்களின் காதுக்கு எட்டாத தூரத்திலே, மாவு இடிக்கும் உலக்கைச் சத்தத்தின் மறைவிலே, பேசவேண்டியதைப் பேசிக்கொள்ள ஓர் இரவு அவர்களுக்குக் கிடைத்தது. மூத்தவள் தான் இழந்த கணக்கையும் பிறகு பெற்ற கணக்கையும் சொல்வாள். இளையவள் கேட்டுக்கொள்வாள். உப்பில்லாப் பண்டத்தை ஏன் உண்கிறார்கள் என்பதற்குத் தத்துவார்த்தம் தேடுகிறவர்கள் தேடட்டும்; ஏன் ஆண்களை வெளியே அனுப்பினார்கள் என்பதற்குத் தத்துவார்த்தம் தேட வேண்டியதில்லை.

இந்த ஔவைக்கு நாஞ்சில் நாட்டிலே கோயிலே உண்டு. தோவாளைத் தாலுகாவில் தாழக்குடியை அடுத்த ஔவையாரம்மன் கோயிலிலே ஆடிச் செவ்வாய்தோறும் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து கூழும் கொழுக்கட்டையும் அங்கேயே சமைத்துப் படைக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்திலேதான், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், முப்பந்தல் இசக்கியம்மன் இருக்கிறாள். கர்ப்பவதியாகவோ கைக்குழந்தையோடோ கொடுமைக்கு உள்ளாகி மாண்ட பெண் இசக்கியாகிறாள் என்பது தென்பாண்டி நாட்டு நம்பிக்கை; பிள்ளை வேண்டுகிறவர்கள் அவளுக்கு மண்ணாற் செய்த குழந்தைப் பொம்மைகளையும் தொட்டிலையும் சாத்துகிறார்கள். இழந்தவளிடமே சென்று வேண்டுவது என்ற இந்த முறையிலே ஒரு நியாயம் இருக்கிறது. பெரியாச்சியும் இவ்வகையைச் சேர்ந்தவளே. மருத்துவச்சியாக இருந்து தெய்வமானவள் என்று கதை. தமிழ்க் கூலியாட்கள் கப்பலேறியபோது அவளையும் கூட்டிக்கொண்டே போனார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் முதலில் அவள் சந்நிதிக்கே எடுத்துச் செல்கிறார்கள்.

பிரசவத்திலே தாயும் சேர்ந்து மாண்டால் ஊரார் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை மட்டும் ஆண்களும் சேர்ந்தே செய்தார்கள். பழைய பாதைகளின் ஓரத்திலே, இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமைக்காரன் எவருடைய உதவியுமின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும்படி மார்பளவு உயரத்திலே அமைத்த சுமைதாங்கிகளை நம்மில் வயதானவர்கள் பார்த்திருக்கிறார்கள். சூலோடு இறந்தவள் தன் சுமையை இறக்காமலே போய்விட்டாள். அவள் பெயரால் பிறர் சுமை இறங்கட்டும் என்பது இதன் உட்கருத்து. சிலவற்றிலே இறந்தவளுடைய பெயரும் பொறித்திருக்கும். யாழ்ப்பாணத்திலே சுமைதாங்கியை அடுத்துக் கேணியும், மாடுகள் உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் வைத்துத் தர்மத்தை இன்னும் விரிவாக்கினார்கள். தார்ச்சாலையும் லாரியும் வந்தபின் தலைச்சுமை குறைந்தது. சாலையை அகலப்படுத்தும்போது கற்களைப் பெயர்த்துப் பாலத்துக்கும் வாய்க்காலுக்கும் போட்டுவிட்டார்கள். உலகத்திலே எத்தனையோ ஞாபகச் சின்னங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவ்வளவு பிரயோஜனமுள்ள ஞாபகச் சின்னத்தை வேறு யாரும் கட்டியதாகத் தெரியவில்லை.

ஆனால் செத்தவளுக்குக் கல் நாட்டிய சமூகம், கருவை இழந்தும் தான் பிழைத்துக் கிடந்தவளை நடத்திய விதத்தை நினைத்தால் பெருமை அடங்கிப்போகிறது. மங்கல காரியங்களில் அவள் எதிரே வரக்கூடாது. வளைகாப்பிலே முதல் வளையலை அவள் தொடக்கூடாது. ஒன்றிரண்டு முறை கலைந்தால் இரண்டாந்தாரத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழியை நாம் எல்லா அவசரக்காரருக்கும் சொல்லி மகிழ்கிறோம். மரத்தடி நாகப்பிரதிஷ்டைக்கு ஈரப்புடவையோடு நூற்றெட்டு வலம் வந்த ஒருத்தி, திரும்பும் வழியிலே அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள் என்றால் அதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கொடுமைக்கு நடுவிலேயும், பெண்கள் தங்களுக்குள்ளே ஒரு சந்து வைத்துக்கொண்டார்கள். வளைகாப்பு முடிந்து சூலி எழுந்தவுடன், பிள்ளையில்லாதவளை அதே மணையிலே உட்காரவைத்து, அவளுக்கும் கைநிறைய வளையல் அடுக்கி விடுகிற வழக்கம் பல வீடுகளிலே உண்டு. சாஸ்திரம் அறிந்தவர்கள் அதற்குப் பிரமாணம் காட்ட முடியாது. அத்தை ஒருத்தி மெல்லக் கையைப் பிடித்து இழுத்து, ‘வா, நீயும் உட்காரு’ என்று சொல்வதே அதற்குப் பிரமாணம்.

ஆங்கிலேயர் காலத்து ஆஸ்பத்திரிகள் வந்தபின் இந்தத் துணை வேறு ரூபம் எடுத்தது. சென்னை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் ஏற்பட்டது. அந்நிய ஆண் டாக்டர்களுக்கு முன்னே வர ஒப்பாத ஜாதிப் பெண்களுக்கும் திரைமறைவிலே வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கும் என்று, மேரி ஷார்லீப் என்ற அம்மையாரின் முயற்சியால் 1885-இல் தனி ஆஸ்பத்திரி உண்டாகி, திருவல்லிக்கேணியிலே இன்று கஸ்தூரிபா காந்தி பெயரோடு விளங்குகிறது. ஒரே தெருவிலே அடுத்தடுத்துக் குடியிருக்காத ஜாதிக்காரிகள் அந்த வார்டுகளிலே அடுத்தடுத்த கட்டிலிலே படுக்க நேர்ந்தது. பிள்ளையை இழந்தவளுடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலே பிள்ளை அழும் கொடுமையும் அங்கேதான் உண்டாயிற்று. பால் கட்டிக்கொண்டு தவித்தவள், தாய்ப்பால் இல்லாத அயல் பிள்ளைக்குப் பால் கொடுத்த புண்ணியமும் அங்கேதான்.

வைத்தியம் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. தாயின் ரத்தத்துக்கும் சிசுவின் ரத்தத்துக்கும் ஒவ்வாமையால் பிள்ளைகள் வரிசையாக இறப்பதுண்டு என்பது, 1939-இல் நியூயார்க்கில் லெவைன், ஸ்டெட்ஸன் என்ற இருவர் எழுதிய குறிப்பிலிருந்து விளங்கத் தொடங்கிற்று. நாலாம் மாதத்துக்கு மேல் வலியே இல்லாமல் கருப்பையின் வாய் தளர்ந்து திறந்து, கரு நழுவிவிடுகிற கொடுமைக்குப் பரிகாரம் கண்டவர் நம்மவர்: கோவாவிலே பிறந்து பம்பாயிலே தொழில் செய்த டாக்டர் ஷிரோட்கர். பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த தசையின் மேலுறைப் பட்டையைக் கருப்பையின் கழுத்தைச் சுற்றி முடிந்து தைக்கும் முறையை, சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஆன்டிசெப்டிக்’ என்ற வைத்திய சஞ்சிகையிலே 1955-இல் அவர் வெளியிட்டார். உலகத்து ஆஸ்பத்திரிகளெல்லாம் இன்றளவும் அவர் பெயராலேயே அந்தத் தையலை வழங்குகின்றன. வேதிகையின் கருவை அம்பிகை கும்பத்திலே ஏந்தினாள் என்று பாடியவர்களின் நாட்டிலே இந்தத் தையல் பிறந்தது பொருத்தமே. தையல் போட்டுக்கொண்டவர்கள் கால்மாட்டை உயர்த்திய கட்டிலிலே வாரக்கணக்கிலே அசையாமல் படுத்திருக்கும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. அப்படிப் படுத்தவளுக்குப் பொழுதைப் போக்கியது எதிர்க் கட்டில்காரியின் பேச்சு. இத்தனையாவது வாரம் தாண்டியாயிற்று என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொண்டது, தாதிகள் பார்த்துக்கொண்டேயிருந்த காட்சி.

சிசு மரணம் குறையக் குறையத் தவிட்டுக்கு வாங்குவதும் குறைந்து, ஏறக்குறைய நின்றேவிட்டது. குப்பைமேட்டிலே பிள்ளையை வைக்கவேண்டிய அவசியம் ஒழிந்ததற்காக வருந்துகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள். கரு கலைவது மட்டும் நின்றபாடில்லை. தனிக் குடித்தனமும் உத்தியோகமும் உள்ள பெண், இரண்டு நாள் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்டை வீட்டுக்காரியின் பெயரும் தெரியாத அடுக்கு வீட்டிலே தனியே படுத்திருந்து, மூன்றாம் நாள் காலையிலே ஆபீசுக்குப் போகிறாள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் தொடங்கி இன்றுவரை, சட்டம் செல்லுபடியாகும் தொழிலகங்களிலே வேலை செய்யும் பெண்ணுக்குக் கரு கலைந்தால், உரிய அத்தாட்சியைக் காட்டியவுடன், கலைந்த நாளுக்கு அடுத்துத் தொடர்ச்சியாக ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தே தீரவேண்டும் என்பது விதி. அறுபது வருஷத்துக்கு மேலாக இருந்துவரும் இந்த விதியை, அனுபவிக்க வேண்டியவர்களிலே பலர் கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்தவர்கள், பக்கத்து நாற்காலியிலே இருப்பவளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.